மூத்தவன் இருக்க இளையவன்: எபிரெய வேதத்தின் அண்ணன் தம்பி வழக்குகள்

யாக்கோபு தன் அண்ணன் ஏசாவை 20 வருஷம் கழித்துப் பார்க்கப் போகிறான். ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்று செய்தி வந்திருக்கிறது. கட்டித் தழுவ வருகிறானா, வெட்டிப் போட வருகிறானா என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் யாக்கோபு தன் குடும்பத்தை வரிசையாக நிறுத்துகிறான். முன்னால் வேலைக்காரிகளான பில்காளும் சில்பாளும், அவர்கள் பெற்ற பிள்ளைகளும். அவர்களுக்குப் பின்னால் மூத்த மனைவி லேயாளும் அவள் பிள்ளைகளும். எல்லோருக்கும் கடைசியில், ஆபத்துக்கு ரொம்பவும் எட்டத்தில், பிரியமான மனைவி ராகேலும் அவள் மகன் யோசேப்பும்.

ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தில் இதற்கு இரண்டே வசனம்தான் செலவாகிறது. ஆனால் அந்த வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெட்டு விழுந்தால் முதலில் யார் மேல் விழட்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நிற்கவைத்துக் காட்டிவிட்டார். பின்னாளில் அண்ணன்மார் யோசேப்பைப் பிடித்துக் குழிக்குள் போட்டதற்கு, அப்பா அவனுக்கு மட்டும் கொடுத்த பலவருண அங்கிதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கி அப்புறம் வந்தது. பாகுபாடு இந்த வரிசையிலேயே இருந்தது.

எபிரெய வேதத்தில், அதாவது கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று வாசிக்கும் நூல்களில், அண்ணன் தம்பி சண்டை இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காயீன் ஆபேலைக் கொல்கிறான். இஸ்மவேலை அனுப்பிவிட்டு ஈசாக்கு வாரிசாகிறான். ஏசாவைத் தள்ளிவிட்டு யாக்கோபு வருகிறான். ரூபனைத் தாண்டி யூதாவும் யோசேப்பும் வருகிறார்கள். மனாசேயைத் தாண்டி எப்பிராயீம். ஈசாயின் பிள்ளைகளில் கடைக்குட்டி தாவீது. தாவீதின் பிள்ளைகளில் அதோனியாவைத் தாண்டி சாலொமோன். இதைப் பார்த்துவிட்டு, ‘கடவுள் எப்போதும் இளையவனைத்தான் தேர்ந்தெடுக்கிறார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பாதிப் புத்தகம் கையை விட்டுப் போய்விடும். இதே நூல்களில் உள்ள சட்டம் மூத்தவன் பக்கம் நிற்கிறது. கதையும், இடம் மாறியதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை ஒரு காசு விடாமல் எழுதி வைத்திருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்க்கலாம். உபாகமம் 21:15-17. ஒருவனுக்கு இரண்டு மனைவிகள். ஒருத்தி மேல் பிரியம், இன்னொருத்தி மேல் வெறுப்பு. வெறுக்கப்பட்டவளின் மகன்தான் மூத்தவன் என்றால், சொத்தைப் பிரிக்கும்போது பிரியமானவளின் மகனுக்கு மூத்தவன் உரிமையைக் கொடுக்கக் கூடாது. வெறுக்கப்பட்டவளின் மகனுக்கே இரண்டு பங்கு கொடுக்க வேண்டும். அவன்தான் தகப்பனுடைய பலத்தின் முதற்பலன், உரிமை அவனுடையது என்கிறது சட்டம்.

கணக்கு இப்படி: மூன்று மகன்கள் இருந்தால் சொத்து நான்கு கூறாகும். மூத்தவனுக்கு இரண்டு, மற்ற இருவருக்கும் ஆளுக்கு ஒன்று. தமிழ் வேதாகமத்தில் சேஷ்டபுத்திரபாகம் என்று வருவது இந்த உரிமைதான். கூடுதல் பங்கு சும்மா கிடைப்பதில்லை. தகப்பனுக்குப் பின் குடும்பத் தலைமையும், வீட்டாரைத் தாங்கும் பொறுப்பும் மூத்தவன் தலையில்தான்.

இப்போது இந்தச் சட்டத்தை யாக்கோபின் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். இரண்டு மனைவிகள். ராகேல் மேல் பிரியம். லேயாள் வெறுக்கப்பட்டவள் என்று ஆதியாகமமே சொல்கிறது. மூத்த மகன் ரூபன், லேயாளுக்குப் பிறந்தவன். இரண்டு பங்கு யாருக்குப் போயிற்று? யோசேப்புக்கு. சாகப்போகும் நேரத்தில் யாக்கோபு யோசேப்பின் இரண்டு மகன்களையும், எப்பிராயீமையும் மனாசேயையும், தன் சொந்தப் பிள்ளைகளாக எடுத்துக்கொள்கிறான். அதனால் யோசேப்பின் பெயரில் ஒரு கோத்திரத்துக்குப் பதிலாக இரண்டு கோத்திரம் உண்டாகிறது. உபாகமம் எதைச் செய்யாதே என்கிறதோ, அதையேதான் இஸ்ரவேல் என்ற பெயருக்கே சொந்தக்காரனான யாக்கோபு செய்திருக்கிறான்.

இது ஒன்று மட்டுமல்ல. அக்காளும் தங்கையும் உயிரோடிருக்கையில் இருவரையும் ஒருவனே மணந்து, ஒருத்திக்கு ஒருத்தியைப் போட்டியாக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 18:18. யாக்கோபு அதையும் செய்தவன். எந்தப் பகுதி முதலில் எழுதப்பட்டது என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எப்படியிருந்தாலும், இந்த நூல்களைத் தொகுத்தவர்கள் இரண்டையும் அருகருகே வைத்தார்கள். முன்னோரின் பெயரைக் காப்பாற்ற கதையைத் திருத்தவுமில்லை, கதையைக் காப்பாற்ற சட்டத்தைத் தளர்த்தவுமில்லை. இந்த நேர்மைதான் என்னை மறுபடி மறுபடி இந்தக் கதைகளிடம் இழுக்கிறது.

இந்தக் குடும்பங்கள் தனித்தீவில் வாழ்ந்தவை அல்ல. சுற்றிலும் இருந்த தேசங்களிலும் இதே வழக்குகள் நடந்தன, எழுத்தாகவும் கிடைத்திருக்கின்றன. பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டக்கல், ஈரானிலுள்ள சூசாவில் 1901-02 அகழ்வாய்வில் கிடைத்தது. இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் 170-ஆம் சட்டப்படி, அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர்களை ‘என் பிள்ளைகள்’ என்று தகப்பன் உயிரோடிருக்கையில் ஏற்றுக்கொண்டிருந்தால், அவர்களும் மனைவியின் பிள்ளைகளும் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் மனைவியின் மகனுக்கு. அப்படி ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் பங்கு கிடையாது, ஆனால் அந்தத் தாயும் பிள்ளைகளும் விடுதலை பெறுவார்கள் என்கிறது அடுத்த சட்டம்.

இதைப் படித்துவிட்டு ஆபிரகாமின் வீட்டுக்குப் போனால், சாராள் ஏன் அவ்வளவு பதறினாள் என்பது விளங்கும். ஆகார் எகிப்திய வேலைக்காரி. பிள்ளை இல்லாத சாராள்தான் அவளை ஆபிரகாமுக்குக் கொடுத்தாள். பிறந்த இஸ்மவேலை ஆபிரகாம் மகனாகவே வளர்த்தான், 13 வயதில் விருத்தசேதனமும் செய்து வைத்தான். அப்புறம் ஈசாக்கு பிறக்கிறான். ‘இந்த அடிமைப் பெண்ணின் மகன் என் மகனோடு சுதந்தரவாளியாக (வாரிசாக) இருக்கக் கூடாது’ என்கிறாள் சாராள். அதில் பொறாமை மட்டும் பேசவில்லை. அங்கீகரிக்கப்பட்ட மகனுக்கு உரிமை உண்டு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வீட்டை விட்டே அனுப்பச் சொல்கிறாள்.

அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் ஆகாரின் தோளில் வைக்கப்படுகின்றன. பெயெர்செபா வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்து போகிறது. பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டேன் என்று ஓர் அம்பு பாயும் தூரம் விலகிப்போய் உட்கார்ந்து அழுகிறாள். வாக்குத்தத்தம் ஈசாக்குக்குத்தான் என்று உறுதியாக நம்பிய ஒருவர்தான் இதை எழுதியிருக்கிறார். எழுதியவரே ஆகாருக்கு இத்தனை இடம் கொடுத்து, பையனின் சத்தத்தைக் கடவுள் கேட்டார் என்றும் எழுதுகிறார்.

இராக்கின் கிர்கூக் அருகே நுஸி என்ற ஊரில் 1925 முதல் 1931 வரை நடந்த அகழ்வாய்வில் ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகள் கிடைத்தன. கி.மு. 15, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த குடும்பப் பத்திரங்கள் அவற்றில் நிறைய. ஓர் ஏட்டில், ஒருவன் தோப்பில் தனக்கு வரவேண்டிய பங்கை மூன்று ஆடுகளுக்குத் தன் சகோதரனிடம் எழுதிக் கொடுக்கிறான். கூழுக்கு உரிமையை விற்ற ஏசாவின் கதைக்கு இதுவே சாட்சி என்று ஒரு தலைமுறை அறிஞர்கள் கொண்டாடினார்கள். 1970-களில் வந்தவர்கள் அதை மறுத்தார்கள்: அங்கே விற்கப்பட்டது ஒரு பங்கு நிலம், மூத்தவன் என்ற தகுதி அல்ல. மறுத்தவர்கள் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. இருந்தாலும் அந்த ஏடு ஒரு விஷயத்தைக் காட்டுகிறது. அவசரத்தில் இருக்கும் சகோதரனிடமிருந்து இன்னொரு சகோதரன் மலிவாக வாங்குவது அந்தக் காலத்தில் கேள்விப்படாத காரியம் அல்ல.

ஏசா, யாக்கோபு கதைக்கு வருவோம். இரட்டையர்கள் தாயின் வயிற்றுக்குள்ளேயே முட்டி மோதுகிறார்கள். ரெபெக்காள் கர்த்தரிடம் விசாரிக்கப் போகிறாள், ‘மூத்தவன் இளையவனைச் சேவிப்பான்’ என்று பதில் வருகிறது. ஈசாக்குக்கு வேட்டைக்கறி பிடிக்கும், அதனால் ஏசாவைப் பிடிக்கும். ரெபெக்காளுக்கு யாக்கோபு. கண் மங்கிய ஈசாக்கு, சாவதற்கு முன் ஆசீர்வதிக்க வேண்டும், வேட்டையாடிக் கொண்டுவா என்று ஏசாவை அனுப்புகிறான். ரெபெக்காள் இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளைச் சமைக்கிறாள். ஏசாவின் நல்ல உடையை யாக்கோபுக்கு உடுத்திவிட்டு, அவன் கையிலும் கழுத்திலும் ஆட்டுத் தோலைப் போர்த்துகிறாள். கிழவர் தடவிப் பார்க்கிறார். சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள் என்கிறார். சந்தேகப்பட்டுக்கொண்டே ஆசீர்வதித்துவிடுகிறார்.

கதை இதோடு முடிந்திருந்தால் ஒரு சாமர்த்தியசாலியின் வெற்றிக்கதையாகப் போயிருக்கும். ஆனால் ஏசா வேட்டையிலிருந்து திரும்பி வருகிறான். ஈசாக்கு நடுநடுங்குகிறார். ‘என் தகப்பனே, இந்த ஒரே ஆசீர்வாதம் மாத்திரமா உம்மிடத்தில் உண்டு? என்னையும் ஆசீர்வதியும்’ என்று கேட்டுச் சத்தமிட்டு அழுகிறான் அந்தக் காட்டுமனிதன். இந்தக் கதையைப் பாதுகாத்தவர்கள் யாக்கோபின் வழிவந்தவர்கள். ஏசாவின் வழிவந்ததாகச் சொல்லப்பட்ட ஏதோமியர் அவர்களுக்குப் பக்கத்து நாட்டுப் பகையாளிகள். கி.மு. 586-இல் எருசலேம் விழுந்தபோது, ‘அதை அஸ்திபாரமட்டும் இடித்துப்போடுங்கள்’ என்று ஏதோமியர் கூவினார்கள் என 137-ஆம் சங்கீதம் மனம் கசந்து பாடுகிறது. அப்படிப்பட்ட பகையாளியின் மூதாதைக்கு இந்த அழுகையைக் கொடுத்து, அதை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். ‘ஏதோமியனை அருவருக்காதே, அவன் உன் சகோதரன்’ என்று உபாகமத்தில் ஒரு கட்டளையே இருக்கிறது.

அப்புறம் யாக்கோபு கொடுக்கும் விலை தொடங்குகிறது. தாய்மாமன் லாபானின் வீட்டுக்கு ஓடிப்போகிறான். இளையவள் ராகேலுக்காக ஏழு வருஷம் வேலை செய்கிறான். விடிந்து பார்த்தால் பக்கத்தில் லேயாள். ஏன் ஏமாற்றினீர் என்று கேட்டவனுக்கு லாபான் சொல்லும் பதில்: ‘மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது இவ்விடத்து வழக்கம் அல்ல.’ மூத்தவன் இருக்கும்போதே இளையவனாகப் போய் ஆசீர்வாதத்தை வாங்கியவனுக்கு இதைவிடக் கூர்மையான பதிலை யாராலும் சொல்லியிருக்க முடியாது. லாபானுக்கு அந்தப் பழைய கதை தெரியுமா என்று வேதம் சொல்லவில்லை. வாசிக்கிற நமக்குத் தெரியும், அது போதும். வருஷங்கள் கழித்து யாக்கோபின் பிள்ளைகளே ஒரு வெள்ளாட்டுக் கடாவை அடித்து, யோசேப்பின் அங்கியை அதன் இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஆட்டுத்தோலால் தகப்பனை ஏமாற்றியவன் ஆட்டு இரத்தத்தால் ஏமாறுகிறான்.

யாக்கோபுக்கு ஈசாக்கு கொடுத்த ஆசீர்வாதத்தில் ‘உன் தாயின் பிள்ளைகள் உன்னை வணங்குவார்கள்’ என்று ஒரு வரி உண்டு. ஆதியாகமத்தில் எங்கேயும் ஏசா யாக்கோபை வணங்கவில்லை. ஏசாவுக்கு முன்பாக யாக்கோபுதான் ஏழு தரம் தரைமட்டும் குனிகிறான். அண்ணனை ‘என் ஆண்டவன்’ என்றும் தன்னை ‘உம்முடைய அடியான்’ என்றும் சொல்கிறான். அதற்கு முன்பே ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை என்று குட்டி ஒட்டகங்களைச் சேர்க்காமலே 550 உருப்படிகளை வெகுமதியாக மந்தை மந்தையாக அனுப்பியிருக்கிறான். ஏசா ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். ‘எனக்குப் போதுமானது இருக்கிறது, என் சகோதரனே, உன்னுடையது உனக்கே இருக்கட்டும்’ என்கிறான். உரிமையை இழந்தவன்தான் அந்த இடத்தில் பெரியவனாக நிற்கிறான்.

தகப்பன்மார் அடக்கம் செய்யப்படும் இரண்டு இடங்களையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆபிரகாமை மக்பேலா குகையில் அடக்கம் செய்தவர்கள் ‘ஈசாக்கும் இஸ்மவேலும்’. ஈசாக்கை அடக்கம் செய்தவர்கள் ‘ஏசாவும் யாக்கோபும்’. முதல் வசனத்தில் வாரிசான தம்பியின் பெயர் முன்னால், இரண்டாவதில் மூத்தவனின் பெயர் முன்னால். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எழுதிய இந்த நூலில், சந்திப்புக்குப் பிறகு ஏசாவுக்கு அவன் இடம் திரும்பக் கிடைத்தது என்றே நான் படிக்கிறேன்.

பெண்களின் நிலைமை இன்னும் இறுக்கமானது. மகன்கள் இருக்கையில் சொத்தில் அவர்களுக்குப் பங்கில்லை, பிள்ளைகள் வழியாகத்தான் வீட்டில் இடம். லேயாள் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும்போது, இனியாவது புருஷன் என்னைப் பார்ப்பான் என்று மறுபடி மறுபடி சொல்கிறாள். ராகேலோ ‘எனக்குப் பிள்ளை கொடும், இல்லாவிட்டால் சாகிறேன்’ என்கிறாள். கோதுமை அறுப்பு நாளில் ரூபன் வயலிலிருந்து தூதாயீம் பழம் கொண்டுவருகிறான். பிள்ளைப்பேற்றுக்கு உதவும் என்று நம்பப்பட்ட பழம் அது. ராகேல் அதைக் கேட்க, ‘என் புருஷனை எடுத்துக்கொண்டது போதாதா, என் மகனின் பழத்தையும் எடுக்கிறாயா’ என்கிறாள் லேயாள். கடைசியில் பழத்துக்கு ஈடாக ஓர் இரவைப் பேரம் பேசிக்கொள்கிறார்கள் அக்காளும் தங்கையும். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் பின்னால் யோசேப்பை வெறுத்தவர்கள்.

யோசேப்பின் கதைதான் இந்த நூல்களிலேயே அண்ணன் தம்பி உறவை மிக ஆழமாகத் தோண்டுவது. அவனுக்கு 17 வயது. பில்காள், சில்பாளின் பிள்ளைகளோடு ஆடு மேய்க்கிறான். அவர்களைப் பற்றித் தகப்பனிடம் குறை சொல்கிறான். குடும்பத்தில் கீழ்த்தட்டில் இருந்த வேலைக்காரிகளின் பிள்ளைகள் மேல், மேல்தட்டுப் பிள்ளை கோள் சொல்கிறான் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். அப்புறம் அங்கி. அப்புறம் எல்லோரும் தன்னை வணங்குவதாகக் கனவுகள். அண்ணன்மார் கொல்லப் பார்க்கிறார்கள். மூத்தவன் என்ற பொறுப்பு உறுத்தி ரூபன் மட்டும் காப்பாற்ற முயல்கிறான், ஆனால் அவன் திரும்பி வருவதற்குள் குழி வெறுமையாகிவிட்டது. விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் யூதா. விலை 20 வெள்ளிக்காசு.

ரூபன் மூத்தவன் என்ற தகுதியை எப்படி இழந்தான் என்பதற்கும் நூல் காரணம் சொல்கிறது. தகப்பனின் மறுமனையாட்டியான பில்காளோடு சேர்ந்தான். அடுத்தவர்கள் சிமியோனும் லேவியும் சீகேம் ஊரில் நடத்திய படுகொலையால் தள்ளப்பட்டார்கள். நான்காமவன் யூதாவின் முறை வருகிறது. பஞ்ச காலத்தில் ராகேலின் இளைய மகன் பென்யமீனை எகிப்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும்போது ரூபன் சொல்வது: ‘திருப்பிக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு குமாரரையும் கொன்றுபோடும்.’ பிள்ளையை இழந்த கிழவரிடம் பேரப்பிள்ளைகளைக் கொல்லச் சொல்கிறான்! யாக்கோபு அசையவில்லை. யூதா வேறு மாதிரி பேசுகிறான்: நான் உத்தரவாதம், என் கையிலே கேளும். அவனோடு அனுப்புகிறார். தலைமை கைமாறியது அந்த உரையாடலில்தான்.

அடிமையாக எகிப்துக்குப் போய்ப் பின்னால் அங்கே அதிபதியான யோசேப்பு, தன்னை யாரென்று சொல்லாமல் சகோதரர்களுக்கு விருந்து வைக்கிறான். மூத்தவன் முதல் இளையவன் வரை வயது வரிசைப்படி உட்கார வைக்கப்படுகிறார்கள். இந்த எகிப்தியனுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரை ஒருவர் பார்த்து வியக்கிறார்கள். வரிசையை அவ்வளவு சரியாக அமைத்துவிட்டு, பரிமாறும்போது கடைசியாக உட்கார்ந்த பென்யமீனுக்கு மற்றவர்களைப் போல ஐந்து மடங்கு வைக்கச் செய்கிறான். இருக்கையில் வயதுக்கு மரியாதை, தட்டில் பிரியமானவளின் மகனுக்குச் சலுகை. பழைய வீட்டை அப்படியே மேஜையில் திரும்பக் கட்டிவிட்டு, இவர்கள் இன்னும் பழைய ஆட்கள்தானா என்று பார்க்கிறான். அவர்கள் குடித்துச் சந்தோஷமாக இருந்தார்கள் என்று வசனம் முடிகிறது. யார் முகமும் சுருங்கவில்லை.

அடுத்து வெள்ளிப் பாத்திரத்தைப் பென்யமீனின் சாக்கில் போட்டு, அவன் எனக்கு அடிமையாகட்டும், மற்றவர்கள் போகலாம் என்கிறான். இன்னொரு முறை ராகேலின் மகனை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வாய்ப்பு. அப்போது யூதா முன்னால் வந்து பேசுகிறான். அந்தப் பேச்சில் தகப்பன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறான்: ‘என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள் என்று உங்களுக்குத் தெரியும்.’ கேட்டீர்களா? யாக்கோபுக்கு நான்கு பெண்களிடம் பன்னிரண்டு மகன்கள். ஆனால் லேயாளின் மகனிடமே ‘என் மனைவி’ என்று ராகேலைச் சொல்லியிருக்கிறார், பிள்ளைகள் இரண்டே பேர் என்பது போலப் பேசியிருக்கிறார். அந்த வாக்கியம்தான் யூதாவின் வாழ்நாள் காயம். அதை அவன் புகாராகச் சொல்லவில்லை. அப்பாவின் உயிர் இந்தப் பையனின் உயிரோடு ஒட்டியிருக்கிறது, அதனால் இவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்கிறான்.

அப்பாவின் ஓரவஞ்சனை மாறவில்லை. நியாயமும் கிடைக்கவில்லை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு தம்பிக்காகத் தன்னைக் கொடுக்கிறான் ஒருவன். யோசேப்பால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை, அழுதுவிடுகிறான். காயீன் கேட்ட ‘என் சகோதரனுக்கு நான் காவலாளியோ’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆதியாகமம் நாற்பது அதிகாரம் எடுத்துக்கொண்டது. பதிலைச் சொன்னவன் தேர்ந்தெடுக்கப்பட்ட செல்லப்பிள்ளை அல்ல, வெறுக்கப்பட்டவளின் நான்காவது மகன்.

இத்தனை குடும்பக்கதைகளுக்குப் பின்னால் அரசியலும் உண்டு. யூதாவின் வம்சத்தில் தாவீது வருகிறான். யூதாவுக்கு இரட்டையரைப் பெற்ற தாமாரின் பிரசவத்தில் முதலில் கையை நீட்டிச் சிவப்பு நூல் கட்டப்பட்ட சேராவை முந்திக்கொண்டு பிறந்த பாரேஸ்தான் அவன் மூதாதை. வடநாட்டு இஸ்ரவேலின் முதல் அரசன் யெரொபெயாம் எப்பிராயீம் கோத்திரத்தான். யாக்கோபு கைகளைக் குறுக்காக வைத்து மனாசேக்கு முன்னால் எப்பிராயீமை ஆசீர்வதித்த காட்சி அந்த மக்களுக்கு எப்படி இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகச் சாலொமோன். ‘ராஜ்யம் என்னுடையதாயிருந்தது என்று நீர் அறிவீர்’ என்று அண்ணன் அதோனியா சாலொமோனின் தாய் பத்சேபாளிடம் சொல்கிறான். சாலொமோனே அவனை ‘எனக்கு மூத்த சகோதரன்’ என்று ஒப்புக்கொள்கிறான், ஒப்புக்கொண்ட மூச்சிலேயே கொல்லவும் ஆணையிடுகிறான். அண்ணனைத் தாண்டி அரியணை ஏறியவனின் அவையில், இளையவனைக் கடவுள் தேர்ந்தெடுத்த பழங்கதைகளுக்கு நல்ல மதிப்பு இருந்திருக்கும். பல ஆய்வாளர்கள் இந்தக் கோணத்தில்தான் விளக்குகிறார்கள்.

அசீரியாவிலும் இதே பேச்சு உண்டு. கி.மு. 681-இல் சனகெரிப்பை அவன் மகன்களே கொன்றார்கள், எசரத்தோன் அரசனானான் என்று இரண்டாம் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம் முடிகிறது. அந்த எசரத்தோனின் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது: அண்ணன்மார் நடுவே நான் இளையவன், தெய்வங்களின் ஆணையால் தகப்பன் என்னையே உயர்த்தினார் என்கிறான். சிரியாவின் உகாரித் நகரத்துப் பழங்கதை ஒன்றில், ஏல் என்ற தெய்வம் அரசனின் பெண்பிள்ளைகளில் இளையவளையே மூத்தவளாக்குவேன் என்று வாக்குக் கொடுக்கிறது. ஆக, இளையவர் உயர்வது அந்தப் பிரதேசம் முழுக்கத் தெரிந்த கதைப் போக்கு.

அரசியல் விளக்கம் சரிதான், ஆனால் போதாது என்பது என் எண்ணம். வாரிசைப் புகழ்வதற்காக மட்டும் எழுதுகிறவன் ஆகாரின் கண்ணீரையும் ஏசாவின் அலறலையும் எழுத மாட்டான். எசரத்தோனின் கல்வெட்டில் தள்ளப்பட்ட அண்ணன்மார் வெறும் துரோகிகள்; அவர்கள் பக்கத்து வார்த்தை ஒன்றும் அதில் இல்லை.

மூத்தவனுக்கே கொடுத்தால் எல்லாம் சுமுகமாகிவிடும் என்றும் இந்த நூல் சொல்வதில்லை. யூதாவின் அரசன் யோசபாத் சட்டப்படிதான் நடந்தான். யோராம் மூத்தவன் என்பதால் ராஜ்யத்தை அவனுக்குக் கொடுத்தான். மற்ற மகன்களுக்கு வெள்ளியும் பொன்னும் அரணான பட்டணங்களும் கொடுத்தான். அரியணையில் பலப்பட்டதும் யோராம் செய்த முதல் காரியம், தன் தம்பிகள் எல்லோரையும் வாளால் வெட்டியது. இரண்டாம் நாளாகமம் 21-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

தம்பி உயர்ந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அண்ணனும் ஒருவன் உண்டு. ஆரோன் மோசேக்கு மூன்று வயது மூத்தவன். பார்வோனிடம் பேசும்போது ஒருவனுக்கு 83, மற்றவனுக்கு 80. ‘உன்னைக் காணும்போது அவன் இருதயம் மகிழும்’ என்று ஆரோனைப் பற்றிக் கடவுள் மோசேயிடம் சொல்கிறார். அப்படி மகிழ்ந்த இருதயத்தின் மேல்தான் பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கம் வைக்கப்பட்டது என்று, யூத மத ஆசிரியர்களான ரபிகளின் விவாதத் தொகுப்பாகிய தல்மூதில் ஒரு ரபி அழகாகச் சொல்கிறார். அந்த ஆரோனும் பின்னாளில் சகோதரி மிரியாமோடு சேர்ந்து, மோசேயோடு மட்டுமா கர்த்தர் பேசினார் என்று முறுமுறுத்தவன்தான். மிரியாமைக் குஷ்டம் பிடித்தபோது அவளுக்காக மன்றாடியவன் மோசே.

இந்தக் கதைகளோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூத ரபிகள் இவற்றிலிருந்து எடுத்துக்கொண்டது வீட்டு நடைமுறைக்கான பாடம். பிள்ளைகளில் ஒருவனை மட்டும் வித்தியாசமாக நடத்தக் கூடாது. இரண்டு சேலா எடையுள்ள மெல்லிய கம்பளி நூலை யோசேப்புக்கு யாக்கோபு கூடுதலாகக் கொடுத்ததால் சகோதரர்கள் பொறாமைப்பட்டு, அதனால் நம் முன்னோர் எகிப்துக்குப் போக நேர்ந்தது என்கிறது தல்மூது. அடிமைத்தனம், பார்வோன், செங்கடல் எல்லாவற்றையும் ஒரு தகப்பன் கொடுத்த துணியின் எடைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

சட்டத்திலும் அவர்கள் கவனமாக ஒரு வாசலைத் திறந்துவைத்தார்கள். ‘என் மூத்த மகன் இரண்டு பங்கு எடுக்கக் கூடாது’ என்று தகப்பன் சொன்னால் அது செல்லாது, ஏனென்றால் உபாகமத்துக்கு எதிரானது என்கிறது ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. ஆனால் வாரிசுப் பங்கு என்று சொல்லாமல் கொடை என்று சொல்லி, ஒருவனுக்குக் கூட்டியோ குறைத்தோ, மூத்தவனை மற்றவர்களுக்குச் சமமாக்கியோ கொடுத்தால் செல்லும். மூத்தவனின் உரிமையை எழுத்தில் அப்படியே வைத்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகக் கொடுக்க விரும்பும் தகப்பனுக்கும் வழிவிட்டார்கள். பின்னால் மகள்களுக்கும் பங்கு சேர்க்க இதே கொடை வழியையே குடும்பங்கள் பயன்படுத்தின. இன்றைய இஸ்ரேலில் 1965-இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் மூத்தவன், இளையவன், மகன், மகள் என்று பார்க்காமல் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கிறது.